தைல மரம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலச் சளிக்கான கைமருந்துகளைத் தொகுத்துத் தாங்கள் அண்மையில் வெளியிட்ட குறிப்பில், தைல மரத்து இலையைக் கொதிநீரில் இட்டு ஆவி பிடிக்கலாம் என்று கூறப்பட்டிருந்தது. எந்தத் தைல மரம் என்பது கூறப்படவில்லை. தைல மரம் என்று நாம் அழைக்கும் யூக்கலிப்டஸ் வகையில் மட்டும் எழுநூறுக்கு மேற்பட்ட இனங்கள் இருப்பதால் இதனைச் சிறு விடுபடலாக நான் கருதவில்லை. முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற வகையில் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் என் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி நெடிதுயர்ந்த மரமொன்று நிற்கிறது. கச்சான் காற்று வீசும் நாட்களில் அதன் வாசனை ஒழுங்கை முழுவதும் பரவும். அந்த வாசனை தேசிக்காயின் வாசனை. சளித் தைலத்தின் காரநெடி அதில் இல்லை. அது எலுமிச்சை மணமுள்ள யூக்கலிப்டஸ். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதிக்குரிய இம்மரத்துக்கு 1848 இல் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் ‘யூக்கலிப்டஸ் சிட்ரியோடோரா’ என்று பெயரிட்டார். 1995 இல் ஹில், ஜோன்சன் ஆகிய இருவர் இதனை ‘கொரிம்பியா’ என்ற தனிச் சாதிக்கு (பேரினத்துக்கு) மாற்றிவிட்டனர். கொய்யா, நாவல், கராம்பு எல்லாம் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

அடிமரத்தைத் தடவிப் பார்த்தால் உள்ளங்கையில் வெண்ணிற மாப்போன்ற துகள் ஒட்டும். பழைய பட்டை மெல்லிய செதில்களாகச் சுருண்டு உதிர்ந்து, அடியிலிருந்து வழவழப்பான வெளிர் நிறப் பட்டை வெளிப்படும். முதிர்ந்த மரத்தின் இலைகள் ஈட்டி முனைபோல் நீண்டு கீழ்நோக்கித் தொங்குவதால் நிழல் ஐதாகவே விழும். நிழலுக்கென்று நடுபவர் ஏமாந்துபோவார். இளங்கன்றின் இலையோ வேறு மரத்தினுடையதோ என்று மயங்க வைக்கும். அது மயிர் படர்ந்து சொரசொரப்பாக இருக்கும். காம்பும், தாமரை இலையில் போல, ஓரத்தில் அன்றிச் சற்று உள்ளே தள்ளியே பொருந்தியிருக்கும். பூமொட்டின் மேல் சிறு மூடியொன்று இருக்கும். மலரும்போது அது கழன்று விழ, வெண்ணிற மகரந்தக் கேசரங்கள் விரியும். நன்கு மூடப்பட்டது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து யூக்கலிப்டஸ் என்ற பெயர் வந்ததும் இம்மூடியாலேயே.

இனி மருந்துக்கு வருவோம். மருந்துக் கடைகளில் விற்கப்படும் யூக்கலிப்டஸ் எண்ணெய் பெரும்பாலும் குளோபுலஸ் போன்ற இனங்களிலிருந்து வடிக்கப்படுவது. மருந்து நியமங்களின்படி அதில் சினியோல் என்ற சேர்வை 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மூக்கடைப்பைத் திறப்பதும் அந்தச் சினியோலே. எலுமிச்சை மணமுள்ள மரத்தின் எண்ணெயிலோ பெரும்பங்கு சிட்ரோனெல்லால் என்ற வேறொரு சேர்வை. சினியோல் மிகச் சொற்பம். நம் நாட்டின் தென்பகுதியில் சித்திரனெல்லாப் புல்லிலிருந்து வடிக்கும் எண்ணெயிலும் இதே சிட்ரோனெல்லால் உண்டு. ஆகவே இந்த இலையில் ஆவி பிடிப்பவருக்கு வாசனை கிடைக்கும். சளிக்கு எதிர்பார்த்த பலன் கிடைக்காது.

இதன் உண்மையான பயன் நுளம்பு விரட்டுவதில்தான் இருக்கிறது. மாரி மழையோடு டெங்கு தலைதூக்கும் நமது மாவட்டத்துக்கு இது முக்கியமான செய்தி. ஆயினும் இலையை அரைத்துப் பூசினாலோ வடித்த எண்ணெயை அப்படியே தடவினாலோ பாதுகாப்பு நீடிக்காது. சிட்ரோனெல்லாலை அமிலத்தோடு வினைபுரியச் செய்து பெறப்படும் பீ.எம்.டி. என்ற சேர்வையே நீண்ட நேரம் நுளம்பை அண்டவிடாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் பரிந்துரைக்கும் விரட்டிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றும் அது கூறுகிறது.

இதை எழுதத் தூண்டிய சம்பவத்தையும் கூறிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் அயல்வீட்டுத் தாயொருவர் சளி பிடித்த மகனுக்குச் சீனியில் சில துளி யூக்கலிப்டஸ் எண்ணெய் விட்டுக் கொடுக்க எடுத்துவிட்டார். “இலையை அவிச்சு ஆவி பிடிக்கலாமெண்டால், எண்ணெய் குடுத்தால் என்ன சேர்?” என்று அவர் கேட்டதில் பிழை சொல்ல முடியாது; எந்தக் குறிப்பும் அவரை எச்சரிக்கவில்லை. இவ்வகை எண்ணெய் சிறு குழந்தையின் வயிற்றுக்குள் சில மில்லிலீற்றர் சென்றாலே மயக்கமும் வலிப்பும் ஏற்படலாம். கரண்டியை வாங்கிக் கீழே வைத்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மரத்தை நட விரும்புவோருக்கு ஒரு சொல். எண்ணெய்ப் பசையுள்ள சருகு கச்சான் வெயிலில் காய்ந்து கிடக்கையில் ஒரு தீப்பொறி போதும். கிடுகு வேலிக்குப் பக்கத்தில் இதை நடவேண்டாம்.

அக்குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுவீர்களாயின், இலையை முதலில் கசக்கி மணந்து பார்க்கும்படியும், தேசிக்காய் வாசனை வீசினால் அதை ஆவி பிடிக்கும் பானையில் இடவேண்டாம் என்றும், எண்ணெயை எவருக்கும் குடிக்கக் கொடுக்கலாகாது என்றும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை விஞ்ஞான ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.