பூட்டிய வீடு தேடும் மாப்ளைக்கு

மதுரை

அன்பு மாப்ளே,

பேத்தி பிறந்த சேதி கேட்டு இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். உன் தங்கச்சி அதற்குள் காப்புச் செய்யக் கொடுத்துவிட்டாள்.

பூட்டிக் கிடக்கிற வீடாகப் பார்த்துச் சொல்லச் சொன்னாய். எஸ்.எஸ். காலனி, திருநகர்ப் பக்கம் காலையில் நடந்தாலே கண்ணில் படும். கேட்டை மறைத்துச் சீமைக்கருவேலம் நிற்கும், பீஸ் பிடுங்கிய மீட்டர்ப் பெட்டி தொங்கும். சொந்தக்காரர் யாரென்று புரோக்கரிடம் கேட்காதே, கேட்ட மறுநிமிஷம் விலை ஏறிவிடும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேள். மூத்தவன் அமெரிக்கா, இளையவன் சென்னை, அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை சொல்லிவிடுவார்.

அந்தப் பேச்சுவார்த்தை இல்லாததுதான் பல வீடுகள் பூட்டிக் கிடக்கக் காரணம். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் சுயமாய்ச் சம்பாதித்த வீட்டில் இந்து வாரிசுச் சட்டப்படி பெண் பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் சமபங்கு. ஒரு கையெழுத்து குறைந்தாலும் வாங்காதே. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பதியாத உயில் அதில் வராது, கோர்ட்டில் கிடக்கும் பாகப்பிரிவினை வழக்கும் பெரும்பாலும் வராது. ‘பவர் என்னிடம் இருக்கிறது’ என்று ஒருத்தர் வந்தால், அந்த அதிகாரப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் விசாரி. அவர் போய்விட்டால் பவரும் செல்லாது. மாசி வீதிகளில் என்றால் மனை கோயிலுடையதா என்றும் பார்க்கணும். விற்பவர் வெளிநாட்டுவாசியானால் விலையில் நீ பிடித்துக் கட்டவேண்டிய வரி வழக்கமான 1 சதவீதத்தோடு முடியாது, ஆடிட்டரைக் கேட்டுக்கொள்.

பேங்க் ஏலம் வேறு கதை. கடன் கட்டாதவர் அடமானம் வைத்த சொத்தைப் பேங்கே எடுத்து விற்க வழிசெய்யும் 2002 சர்பாசி சட்டப்படி விடும் ஏல அறிவிப்புகள் தினசரியில் வரும். ஏலத்தில் நீ கேட்ட விலை நின்றால் அன்றைக்கோ அடுத்த வேலைநாளிலோ 25 சதவீதம், பொதுவாக மீதி 15 நாளில். சுவாதீனம் காகிதத்தில் மட்டுமா, சாவி பேங்கிடம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஏலம் கேட்டுவிடாதே. உள்ளே கடன்பட்டவரே பிள்ளைகுட்டியோடு குடியிருப்பார். எனக்கு அந்த வியாபாரம் ஒப்பவில்லை, உனக்குச் சரியென்றால் பார்.

இன்னொன்று. பழங்காநத்தத்தில் உங்கள் அப்பா வீட்டுக்குச் சொந்தக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று போன வாரம் ஒருத்தர் எதிர்வீட்டில் விசாரித்தாராம். வீட்டு வரி பாக்கி, பட்டா இன்னும் அப்பா பேரில். வாரிசுச் சான்று வாங்கிப் பெயரை மாற்றிவிடுவோம். உன் ஆதார் நகலையும் அக்காவுடையதையும் அனுப்பு. அக்காவிடம் நீயே பேசு, நான் பேசினால் சரிவராது.

உன்
சோமு