உப்புக்கண்டத்துக்குப் பின்பக்கம் ரத்தக்கொதிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தக்கொதிப்புக்குச் சீன வைத்தியம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லீரலின் ‘யாங்’ என்னும் சூட்டுச் சக்தி மேலே ஏறுவதால் தலை கனக்கிறது என்பது சீனர்கள் கணக்கு. இருக்கட்டும், பித்தம் தலைக்கேறிவிட்டது என்று நாமும் சொல்கிறவர்கள்தானே! ‘மூலிகை என்பதால் பக்கவிளைவு அறவே கிடையாது’ என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

சோமனூரில் முப்பது வருடம் தறி ஓட்டியவன் நான். பன்னிரண்டு வருடமாகப் பிரஷர் மாத்திரை. மூன்று வருடம் முன்பு ஒருவர் நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, சீனக் கஷாயப் பொடி கொடுத்தார். தித்திப்பாகவே இருந்தது. நல்லவேளை, மாத்திரையை விடவில்லை. ஆறே வாரத்தில் கால் வீங்கிப் பிரஷர் 178/104. பொட்டாசியமும் இறங்கியிருந்தது. டாக்டரம்மா பொடி டப்பாவைப் படித்துவிட்டு, “அதிமதுரம்ங்க” என்றார். அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடுமாம். ஏராளமான சீன மருந்துக் கலவைகளில் அதிமதுரம் உண்டு என்பது தங்களுக்குத் தெரியாததா? பிரஷரை ஏற்றும் மா ஹுவாங் என்ற சீன மூலிகை கலந்த சத்துப்பொருள்களை 2004இல் அமெரிக்கா தடை செய்ததும் தெரிந்திருக்கும். நம்மூர்ச் சர்ப்பகந்தா மூலிகையிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தை எடுத்துப் பிரஷருக்குக் கொடுத்த கதையை நான் எழுதி அனுப்பி இரண்டு வருடமாகிறது. இடமில்லை போலும்.

உப்பு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் என்கிறது கட்டுரை. நல்ல பேச்சு. பக்கத்தைத் திருப்பினால் உப்புக்கண்டம் செய்முறை, ‘கல் உப்பைத் தாராளமாகத் தடவுங்கள்’! விடிகாலையில் நடக்கச் சொல்கிறீர்கள். எங்கள் வீதி நாய்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரண்டு ஷிப்ட் தறிச்சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவன் ‘தாய் சீ’ என்ற சீன உடற்பயிற்சி பழக வேண்டுமாம்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் சம்பந்தியம்மா இருக்கிறாரே, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வரும் மாத்திரையை, உங்கள் கட்டுரையைப் படித்த அன்றே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கேட்டால், “புஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்களே” என்கிறார். என் கால் வீங்கிய கதை அவரிடம் எடுபடவில்லை. அச்சில் வந்தால்தான் நம்புவார்.

எனவே அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு வரி போடுங்கள்: ‘டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்; கஷாயம் குடித்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.’ கத்தரித்து அந்தப் பீரோ மேல் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
சோமனூர்.