சேலம் ஸ்டிக்கர் கடைக்காரர்களுக்கு ஒரு கார் பெயின்டரின் திறந்த மடல்

அஸ்தம்பட்டி தொடங்கி கொண்டலாம்பட்டி வரை கார் ஸ்டிக்கர் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், அங்கே வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் வணக்கம். நீங்கள் பிளேடு போட்டுச் சுரண்டிய கதவுகள் கடைசியில் என்னைப் போன்றவர்களின் பட்டறைக்குத்தான் வருகின்றன. அதில் எனக்கு வருமானம்தான், நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.

ஒட்டுகிற வேலையில் உங்களைக் குறை சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீர் தெளித்து, நீவி நீவி, ஒரு குமிழி இல்லாமல் ஒட்டித் தருகிறீர்கள். அதே கை பழைய ஸ்டிக்கர் பட்டையை எடுக்கும்போது மட்டும் ஏன் கட்டரைத் தேடுகிறது? புதுசு ஒட்டினால் பழசை இலவசமாக எடுத்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறீர்கள், காசில்லாத வேலையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்றுதானே யாருக்கும் தோன்றும், அதுவும் வெளியே இன்னொரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது.

கம்பெனி பெயின்டின் மேலே இருக்கும் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடி கனம்கூட வராது. பிளேடு முனை ஒரு தடவை சாய்ந்தால் போதும். உங்கள் கடை நிழலில் அந்தக் கீறல் தெரியாது, மறுநாள் வெயிலில் தெரியும்.

ஹீட் கன் உங்களிடமே இருக்கிறது, பம்பர் வளைவில் ஒட்டும்போது எடுப்பீர்களே, அதேதான். ஒரே இடத்தில் காட்டாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள், தகடு கையைச் சுடாத அளவுக்குச் சூடு ஏறியதும் நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ ஓரத்தைக் கிளப்பி, வெளியே இழுக்காமல் பின்பக்கமாக மடித்து மெதுவாக உரியுங்கள். கிழிந்தால் சூடு பத்தவில்லை அல்லது அவசரப்படுகிறீர்கள். சித்திரை வெயிலில் வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினாலே இதில் பாதி நடந்துவிடும். ஏற்காட்டில் அந்தக் கதை எடுபடாது, மூடுபனிக் காலையில் ஸ்டிக்கரின் வினைல் பிளாஸ்டிக் விறைத்துப்போய்த் துணுக்குத் துணுக்காகத்தான் வரும். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி விடிந்ததும் வந்து நிற்கிற டாக்ஸிக்காரரிடம், வெயில் ஏறட்டும், ஒரு டீ குடித்துவிட்டு வாங்க என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பசைக்குத் தின்னர் வேண்டவே வேண்டாம். கம்பெனி பெயின்ட் அடுப்பில் 140 டிகிரி வாக்கில் வெந்தது, கொஞ்சம் தாங்கும். பட்டறையில் அடித்த பெயின்ட் தாங்காது, இளகி மங்கிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ, ஸ்டிக்கர் பசை எடுக்கவே விற்கிற திரவமோ போதும், அதையும் முதலில் கதவின் அடி ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் நல்ல சாமான்தான், ஆனால் வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் அழுத்தாமல் ஓட்டத் தெரிந்தவர் கையில் மட்டும்.

முக்கியமானது இனிமேல்தான். வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் வாடிக்கையாளரிடம் பேசுங்கள். செகண்ட்ஸில் வாங்கிய வண்டி என்றால் எந்தக் கதவு மறு பெயின்ட் என்று அவருக்கே தெரியாமல் இருக்கும், அதில் பட்டையை உரித்தால் பெயின்டும் சேர்ந்து வரலாம், வந்த பிறகு சண்டை போட்டு என்ன பயன்? பல வருஷம் பட்டை இருந்த இடத்தில் பெயின்ட் புதுசாக இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும், சிவப்பு வண்டியில் இது நன்றாகவே தெரியும். பாலிஷ் போடுகிற ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் குறையும், முழுக்கப் போகும் என்று சத்தியம் செய்யாதீர்கள். வண்டி முழுக்க ஒட்டிய ராப் ஸ்டிக்கரை எடுக்க வருகிறவர் ஆர்சியில் நிறத்தை மாற்றியிருந்தால், அதையும் திரும்ப மாற்றச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், தெரியும். அதனால் எடுப்பதற்குத் தனிக் கூலி வாங்குங்கள். ஒட்டும் ரேட்டுக்குக் கீழே எடுக்கும் ரேட்டையும் போர்டில் எழுதிப் போடுங்கள், பட்டைக்கு இவ்வளவு, பானட் முழுக்க என்றால் இவ்வளவு என்று. பேரம் பேசுவார்கள், பேசட்டும். ஒரு கதவு பெயின்ட் அடிக்க நான் என்ன வாங்குகிறேன் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், உங்கள் ரேட்டுக்கு உடனே சரி என்பார்கள்.