பாட்டைத் திருத்திய பாதிரியார்

அன்புள்ள கயலுக்கு,

அம்மாச்சி பாடிய நடவுப் பாட்டுகளை அச்சுக்குக் கொடுக்கும்போது, கூச்சப்பட வைக்கும் வரிகளை நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு சபைன் பேரிங்-கூல்ட் என்ற இங்கிலாந்துப் பாதிரியாரின் நினைவுதான் வந்தது.

1834இல் எக்ஸிடரில் பிறந்த இவர், தொண்ணூறு வயது நிறையச் சில வாரங்களே இருந்தபோது, 1924 ஜனவரியில் மறைந்தார். நூல்கள் மட்டுமே நூற்றுக்கு மேல். கட்டுரைகளையும் சிறு வெளியீடுகளையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். ஐஸ்லாந்துப் பயணம், ஓநாயாக மாறும் மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சி, பல தொகுதிகளில் புனிதர் வரலாறு, எஸ்ஸெக்ஸ் சதுப்பு நிலத்தைக் களமாகக் கொண்ட 'மெஹாலா' நாவல் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. எழுதியதெல்லாம் உயரமான மேசை முன் நின்றபடியே என்பார்கள். பல நாவல்களில் அவசரம் தெரிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றை இன்று யாரும் தேடிப் படிக்காததில் பெரிய அநியாயம் ஒன்றுமில்லை.

யார்க்‌ஷரில் ஹார்பரி என்ற ஊரில் உதவிக் குருவாக இருந்தபோது, சிறுவர்கள் ஊர்வலமாகப் பாடிச் செல்வதற்காக அவர் வேகவேகமாக எழுதிக் கொடுத்த 'ஆன்வர்ட், கிறிஸ்டியன் சோல்ஜர்ஸ்' பாடல்தான் உலகம் முழுதும் பரவியது. அதன் எதுகைகள் சில சரியில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அதே ஊரில் ஆலையில் வேலை செய்த கிரேஸ் என்ற பெண்ணை விரும்பி, அவளைப் படிக்க அனுப்பிக் காத்திருந்து, 1868இல் மணந்தார். பதினைந்து பிள்ளைகள். 1916இல் கிரேஸ் இறந்தபோது, 'என் உயிரில் பாதி' என்று லத்தீனில் கல்லறையில் பொறிக்கச் செய்தார்.

உன் கேள்விக்கு வேண்டியது இதற்குப் பிறகுதான் வருகிறது. 1881 முதல், இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தில், லூ டிரென்சர்ட் என்ற சிற்றூரில், நிலக்கிழாரும் பங்குக் குருவும் தாமே ஆக வாழ்ந்த அவர், 1888 வாக்கில், ஊர்க் கிழவர்களோடு அழிந்துகொண்டிருந்த பாட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கினார். வேலி கட்டிப் பிழைத்த ஜேம்ஸ் பார்சன்ஸ், சாலையில் கல் உடைத்த ராபர்ட் ஹார்ட் போன்ற எழுத்தறியாத எளியவர்களே அவருடைய பாடகர்கள். அவர் சொற்களை எழுதிக்கொள்ள, இசை அறிந்த அவருடைய நண்பர்கள் ஃப்ளீட்வுட் ஷெப்பர்டும் பஸ்ஸலும் மெட்டைக் குறித்தார்கள். 1889 முதல் அவை பகுதி பகுதியாக அச்சாயின. வீட்டுக் கூடத்தில் பெண்பிள்ளைகள் பியானோவோடு பாடுவதற்கான புத்தகம் என்பதால், காமம் வெளிப்படையாக வரும் இடங்களில் அவர் சொற்களை மாற்றினார்; சில பாட்டுகளுக்கு மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு முழுதும் புதிதாகவே எழுதினார். இதற்காகப் பின்னால் வந்தவர்கள் அவரைக் கண்டித்தார்கள். எனக்கும் அது வருத்தமே. கல் உடைத்தவர் வாயிலிருந்து வந்த சொல்லைப் பாதிரியார் சொல்லாக்கியது சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அவர் தம் குறிப்பேடுகளைக் கொளுத்திவிடவில்லை. கேட்டபடி எழுதிய பல பாட்டுகளின் பிரதியைப் பிளிமத் நூலகத்தில் சேர்த்தார். அவரிடமே இருந்த வேறு கையெழுத்துப் பிரதிகள் 1990களில் டெவனிலேயே இருக்கும் கில்லர்டன் மாளிகையின் புத்தகங்களுக்கிடையே கிடைத்தன. திருத்தத்துக்கு முன்பு பாட்டு எப்படி இருந்தது என்று இன்று ஆராய்கிறவர்கள் பார்ப்பது அவற்றைத்தான். இவ்வளவு எழுதிக் குவித்தவர், தம் வாழ்வின் தலையாய பணி என்று சொன்னதும் இந்தப் பாட்டுச் சேகரிப்பையே.

ஆகவே புத்தகத்தில் நீ எந்த வரியை விட்டாலும், விட்ட இடத்தில் ஒரு குறிப்பாவது போடு. ஒலிப்பதிவுகளை ஒன்றும் செய்யாதே. ஒரு பிரதியை எனக்கும் அனுப்பு. மூன்றாம் பாட்டில் அம்மாச்சி நடுவில் நிறுத்திச் சிரிப்பாளே, அதை வெட்டினால் எனக்குக் கோபம் வரும்.

அன்புடன்,
அம்மா