வாசகர் வட்ட ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பஜ்ஜிக்காக வந்தாலும் கடைசி வரை உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் முடிவு செய்தபடி இந்த ஆண்டு புதிய புத்தகம் எதையும் எடுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் யார் எதை விழுந்து விழுந்து படித்தாரோ, அதையே மறுபடி படித்துவிட்டு வந்து பேச வேண்டும் என்பது ஏற்பாடு. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்காமல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். தண்ணீர் வராமல் குறுவை நெல் போட முடியாத உறுப்பினர்கள் பலருக்குப் படிக்க நேரம் கிடைத்தது. இதை மகிழ்ச்சியோடு பதிவு செய்ய மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கூட்டங்களில்தான் நாற்காலி போதவில்லை. நவம்பர் கடைசியில் மழை, கூட்டம் இல்லை.

முதலில் அம்புலிமாமா. எல்லோருக்கும் நினைவிருந்தது முருங்கை மரமும் தோளில் தொங்கும் உடலும்தான். வேதாளக் கதைகள் மூலத்தில் 25தான். பத்திரிகைக்கு மாதா மாதம் வேண்டுமே என்று அதே பாணியில் புதிது புதிதாக எழுதிக்கொண்டே போனார்கள் என்பது எங்களில் பலருக்கு இப்போதுதான் தெரியும். பழைய 25இல் ஒன்றான தலை மாறிய கதையை வாசித்தோம். வெட்டுண்ட இரண்டு தலைகளை ஒரு பெண் அவசரத்தில் உடல் மாற்றி வைத்துவிடுகிறாள். இருவருக்கும் உயிர் வருகிறது. யார் அவள் கணவன்? தலை யாருடையதோ அவனே என்கிறான் வேதாளத்தைச் சுமக்கும் விக்கிரமாதித்த ராஜா. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் எழுந்து, “அந்தப் பொண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா சார்?” என்றார். தலைவர் சொன்ன பதில் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஏற்றும்படியாக இல்லை.

அடுத்து இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது. மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர மீதி உடம்பு மறைந்துவிடும். மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருக்கும் உறுப்பினர் இதை இப்போது படித்துவிட்டு, “மெயினை ஆஃப் பண்ணாம கை வெச்சு உருப்பட்ட ஒரே ஆள் இவர்தான்” என்று ஆரம்பித்து, கம்பத்தில் தான் வாங்கிய ஷாக் வரை முக்கால் மணி நேரம் பேசினார். இந்த ஆண்டின் சிறந்த உரை அதுதான் என்பது என் கருத்து. ரஷ்ய அறிவியல் எழுத்தாளர் பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ பற்றிய கூட்டம் அவ்வளவு எடுபடவில்லை. சின்ன வயதில் அதில் படம் மட்டும் பார்த்தோம், இன்றைக்கும் அப்படித்தான்.

அப்புறம் பொன்னியின் செல்வன். இதற்கே மூன்று கூட்டங்கள் போயின. காரணம் ஒரு பைண்டு. உறுப்பினர் ஒருவரின் பாட்டி, 1950 முதல் கல்கியில் வந்த தொடரை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து வைத்திருந்தார். ஓவியர் மணியம் வரைந்த படங்களோடும், பக்கத்துப் பத்தியில் வந்த விளம்பரங்களோடும் அப்படியே இருக்கிறது. கடையில் வாங்கிய ஐந்து பாகத்தைப் படித்தவர்களுக்கு, “என்ன இது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாராவது ஒளிந்து கேட்கிறார்கள், முடிவில் யாராவது வீறிடுகிறார்கள்” என்று அலுப்பு. பைண்டில் படித்தவர்களுக்கு அந்த அலுப்பு இல்லை. அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து வைக்க எழுதியது அது. மொத்தம் 293 அத்தியாயம். ஒரே மூச்சில் விழுங்கினால் திகட்டத்தான் செய்யும்.

முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக் (இன்றைய வீராணம்) கரையில் குதிரையில் போகிறான். எங்களுக்குக் குதிரைதான் நினைவிருந்தது. பொதுப்பணித் துறையில் மதகும் வாய்க்காலும் பார்த்துக்கொள்ளும் லஸ்கராக இருந்த நம் உறுப்பினருக்கு மட்டும் அந்த ஏரியின் 74 கணவாய்களில், அதாவது தண்ணீர் விடும் மதகுகளில், கண் நின்றுவிட்டது. “தண்ணி எங்க எடுத்து எங்க விடறாங்கன்னு மனுஷன் சரியா எழுதியிருக்கார். மாயவரம் பக்கத்துக்காரர் இல்லையா” என்று கல்கிக்குச் சான்றிதழே கொடுத்தார்.

பழைய சந்தோஷத்தை அப்படியே திரும்ப வாங்க வந்தவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து போனார்கள். ஒயர்மேன், லஸ்கர், செவிலியர் மாதிரி, இடையில் பார்த்த வேலையைக் கையோடு கொண்டுவந்தவர்களுக்குப் புத்தகம் புதிதாக எதையோ கொடுத்தது. பொருளாளர் இதை ஏற்கவில்லை. தனக்குப் பொன்னியின் செல்வன் நந்தினி இன்னும் அப்படியேதான் இருக்கிறாள் என்கிறார். சரி, இருக்கட்டும்.

பொன்னியின் செல்வன் படித்த கையோடு வேன் பிடித்து, கும்பகோணம், அணைக்கரை வழியாகக் காட்டுமன்னார்கோயில் போனோம். உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டில் நாவலில் கொலையுண்ட சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் பெயர்கள் உண்டு. நாவலில் சதிகாரனாக வரும் ரவிதாசன் கல்கியின் கற்பனை என்றே நம்மில் பலர் இவ்வளவு காலமும் நம்பியிருந்தோம். நாவல் கடைசி வரை மூடி வைத்த விஷயத்தை, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ‘துரோகிகளான’ என்று நேராகச் சொல்கிறது. துரோகிகளின் உறவினர் நிலத்தைப் பறித்து விற்றதும் அதில்தான் இருக்கிறது. கூட வந்த மிராசுதார் உறுப்பினர் கொலையை விட்டுவிட்டார். அந்த நிலம் இப்போது யார் பட்டாவில் இருக்கிறது என்று திரும்பி வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

ஒரு குறை. சிறுவர் புத்தகங்களின் பழைய பதிப்புகளைத் தேடி அலைந்தோம். ஒரு கிளை நூலகத்தில், கிழிந்தவை என்று கழித்து எடைக்குப் போட்டுவிட்டார்களாம். 1931இல் மாட்டு வண்டியில் நூலகம் ஓடிய மன்னார்குடி இது. இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்த சீர்காழியும் தூரமில்லை. வீட்டுப் பரணில் கிடப்பதையாவது எடைக்குப் போடும் முன் வட்டத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் கிளம்பிவிட வேண்டாம்.

வரும் ஆண்டில், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பேரன் பேத்தியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இப்போது படிக்கும் புத்தகம் ஒன்றைக் கடன் வாங்கிப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும் என்று நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. பிள்ளைகளும் கூட்டத்துக்கு வரலாம். பஜ்ஜி கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறோம். பாட்டியின் பைண்டில் மூன்றாம் பாகத்தை எடுத்துப் போனவர் பொங்கலுக்குள் திருப்பித் தந்தால் நல்லது. யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
செயலாளர்