அணி போகலாம், பெயர் ஊரோடு இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு அணிகளின் உரிமையாளர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, வென்ற கோப்பைகளையும் போட்ட முதலையும் வைத்தே அவர்களை எடைபோட்டிருந்தது. ஊரார் போடும் கணக்கு வேறு என்பது என் எண்ணம்.

2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின் காரணமாகச் சேப்பாக்கம் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகம் ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்களைத் தனி ரயிலில் தன் செலவிலேயே அழைத்துச் சென்றது. சூதாட்டப் புகாரை ஒட்டி 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் தடை செய்யப்பட்டிருந்த அணி அது. எங்கள் காவேரிப்பட்டணத்துத் தேநீர்க் கடையில் அந்த ரயிலைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். தடையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. (அது சரிதானா என்று எனக்கே ஐயம் உண்டு.) இத்தனைக்கும் எங்களுக்குப் பெங்களூரு சுமார் நூறு கிலோமீட்டர்தான், சென்னை அதைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

இதற்கு நேர்மாறானது அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நடந்தது. 1961 முதல் அந்நகரின் பிரவுன்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியை நடத்திவந்த ஆர்ட் மோடெல், 1995 நவம்பரில், போட்டித் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே, அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். அந்தப் பால்டிமோரோ, 1984 மார்ச்சில் ஒரே இரவில் தன் கோல்ட்ஸ் அணியின் உடைமைகளை லாரிகளில் ஏற்றி இண்டியானாபோலிசுக்குக் கொண்டுபோன உரிமையாளரைச் சபித்துக்கொண்டிருந்த ஊர். அங்கே மோடெலின் அணி 2001இல் மிகப் பெரிய பட்டமான சூப்பர் பவுலையே வென்றது. ஆயினும் 2012இல் அவர் இறந்தபோது, கிளீவ்லாந்து மைதானத்தில் அஞ்சலி எதுவும் வேண்டாம் என்று அவருடைய குடும்பத்தாரே கேட்டுக்கொள்ளும் நிலைதான் இருந்தது. முப்பத்துநான்கு ஆண்டு உறவு அப்படி முடிந்தது. ஆனால் அந்நகரம் வழக்காடி ஒன்றைப் பெற்றது: அணியின் பெயரும் நிறமும் பழைய சாதனைகளும் ஊரிலேயே தங்கின, 1999இல் அதே பெயரில் புதிய அணி களமிறங்கியது.

நம் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் அப்படி எதுவும் தங்கவில்லை. 2016இல் முதல் கோப்பையை வென்ற தூத்துக்குடி அணி, 2021 தொடரில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது; காரைக்குடி காளை, திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. எங்களுக்கு அருகிலுள்ள சேலத்துக்கு ஓர் அணி கிடைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த முதல் கோப்பை இப்போது எந்த ஊருடையது? ஓர் அணி ஊர் மாறினால் அதன் பெயரும் சின்னமும் சாதனைக் கணக்கும் பழைய ஊருக்கே உரியவை என்றும், மாறப்போவதை ஒரு தொடருக்கு முன்னதாகவே அறிவிக்க வேண்டும் என்றும் உரிமையாளர்களுடன் செய்யும் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் சேர்க்க வேண்டும்.

நாளை தருமபுரியின் பெயரிலோ கிருஷ்ணகிரியின் பெயரிலோ ஓர் அணி வருமானால், எங்கள் பிள்ளைகளுக்கு அதன் சட்டையை வாங்கிக் கொடுக்கும் முன் நாங்கள் தேடப்போவது இந்த நிபந்தனையைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.