தேநீர்க் கோப்பைப் பன்றிக்கு வயது என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெரிதாக வளராது, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி விற்கப்படும் ‘டீ கப் பன்றி’ வளர்ப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்தில் பெரிய குறையில்லை. மேலே போட்டிருந்த படத்தோடுதான் எனக்கு வழக்கு. பீங்கான் கோப்பைக்குள்ளிருந்து மூக்கை நீட்டும் அந்தக் குட்டி பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். அந்த வயதில் எந்தப் பன்றிக்குட்டியும் அப்படித்தான் இருக்கும், பின்னால் 200 கிலோவைத் தாண்டப்போகிற பண்ணைப் பன்றியின் குட்டி உட்பட.

நான் இங்கிலாந்தில், லெஸ்டருக்கு வெளியே குடியிருக்கிறேன். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு இளம் தம்பதி, நாய் வேண்டாம் பூனை வேண்டாம் என்று, ஒரு ‘மைக்ரோ’ பன்றிக்குட்டியை வாங்கி வந்தார்கள். பெயர் மஃபின். விற்றவர் தாயையும் தகப்பனையும் காட்டி, “இவ்வளவுதான் வளரும்” என்றாராம். முழங்கால் உயரம்கூட இல்லை. யாருக்குத்தான் நம்பத் தோன்றாது? ஆனால் அந்தத் தாய்க்கு என்ன வயது என்று இவர்கள் கேட்கவில்லை. இந்த வகைப் பன்றிகள் பிறந்த நாலைந்து மாதத்திலேயே சினைப்பட்டுவிடும். உடம்பு வளர்ந்து முடிய மூன்று வருடம், சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும். ஆகவே காட்டப்படும் ‘பெற்றோர்’ பல நேரம் தாமே வளர்ந்து முடியாத குட்டிகள்.

அப்புறம், தீனி. ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி போதும், அதற்கு மேல் கொடுத்தால் பெருத்துவிடும் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் கணக்கில் வளர்த்தால் பன்றி சின்னதாக இருக்கத்தான் செய்யும், பட்டினியால். மஃபினை நான் சில நாள் பார்த்துக்கொள்ள நேர்ந்தபோது, என் பையில் இருந்த சாவிக்கொத்தைக்கூடத் தின்னப் பார்த்தது. பாவம், அதைச் சேட்டை என்று நினைத்துச் சிரித்தோம். கால்நடை மருத்துவர் திட்டிய பிறகு ஒழுங்காகச் சாப்பாடு போட்டார்கள். மூன்று வயதில் அறுபது கிலோவுக்கு மேல் வந்து நின்றது. வியட்நாமியத் தொப்பைப் பன்றி என்ற குட்டை இனத்தின் வழி வந்த ஒன்றுக்கு அது சாதாரண எடைதான். கனடாவில் ஒருவர் 2012இல் ‘மினி’ என்று நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்த எஸ்தர் என்ற பன்றி கிட்டத்தட்ட 300 கிலோவுக்குப் போய், அதற்காக அவர்கள் ஊரை விட்டுப் பண்ணைக்கே குடிபோன கதை உலகத்துக்கே தெரியும். அது ‘மினி’யே இல்லை, சாதாரணப் பண்ணைப் பன்றி.

கட்டுரையில் ஒரு வரியில் கடந்துபோன சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பன்றி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சோபாவில் படுத்துத் தூங்கினாலும், சட்டத்தின் கண்ணில் அது கால்நடை. வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே அந்த இடத்துக்கு ஒரு பதிவு எண் வாங்க வேண்டும். கொண்டுவந்த பின் 30 நாளுக்குள் அரசிடம் பதிய வேண்டும். கயிற்றைக் கட்டித் தெருவில் நடக்கவைக்கத் தனியாக உரிமம் உண்டு. எந்தத் தெரு வழியாக என்பதற்கும் ஒப்புதல் வேண்டும். பர்கர் கடை வாசல் வழியாகப் போகிறேன் என்றால் கொடுக்கமாட்டார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கீழே கிடக்கும் ஒரு துண்டு இறைச்சி போதும், நோய் பரவ.

நம்மவர்களுக்கு இதில் கஷ்டமானது மிச்சச் சாப்பாடு. பன்றி என்றாலே மீந்ததைப் போடுவது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இங்கே சமையலறை வழியாக வந்த எதையும் போடக்கூடாது, சைவக்காரர்கள் வீட்டு மீதத்தையும்கூட. 2001இல் கோமாரி இந்த நாட்டைப் புரட்டிப் போட்டபோது, வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில் சரியாகக் காய்ச்சாத எச்சிற்கஞ்சியைப் போட்டதில் அது தொடங்கியதாகக் கண்டார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடு பன்றிகளைக் கொல்ல வைத்த அந்த நோயால் வந்த தடை அது. என் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. கடைசியில் மஃபினை வேறு இடத்துக்குக் கொடுக்க நினைத்தபோதுதான், பதிவு எண்ணும் அடையாளமும் இல்லாத பன்றியை வாசலை விட்டு நகர்த்தவே முடியாது என்று புரிந்தது.

ஏன் கொடுக்க வேண்டி வந்தது? அது தனியாக இருந்தது. பன்றி கூட்டமாக வாழும் பிராணி. துணையில்லாவிட்டால் வீட்டு மனிதர்களையே தன் கூட்டமாக எண்ணிக்கொண்டு, அதில் தலைமைக்கு முட்டிப் பார்க்கும். வருகிறவர் போகிறவரை எல்லாம் இடித்தது. தரை விரிப்பைத் தோண்டியது. அது குறும்பில்லை, மூக்கால் மண்ணைக் கிளறுவதுதான் அதன் பிழைப்பு. கிளற மண் கொடுக்காத வீட்டில் விரிப்புதான் மண். இப்போது கிராமத்தில் ஒருவர் தோட்டத்தில், இன்னொரு பெண் பன்றியோடு இருக்கிறது. வெயிலடித்தால் சேற்றில் கிடக்கிறது. அதற்கு வியர்வை சரியாக வராது, சேறுதான் விசிறி.

சென்ற இதழிலேயே ஒரு வாசகர் ‘இந்த அசிங்கத்தை வீட்டுக்குள் விடலாமா’ என்று எழுதியிருந்தார். அவரோடும் நான் ஒத்துப்போகமாட்டேன். இடம் இருந்தால் படுக்குமிடத்தை அசுத்தம் செய்யாத பிராணி அது. ஒரு மூலையைத் தேர்ந்துகொண்டு அங்கேதான் போகும். மதுரையில் தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதரே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார் என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எல்லாவற்றையும் தடைசெய்துவிட வேண்டும் என்ற கட்சியிலும் நான் இல்லை. மஃபினை இப்போது வைத்திருப்பவர் பதினைந்து வருடப் பொறுப்பு என்று தெரிந்தே எடுத்திருக்கிறார். குளம்பு வெட்டவும் கருத்தடை செய்யவும் பன்றி பார்க்கும் மருத்துவரை முதலிலேயே தேடி வைத்திருக்கிறார். நாய் பூனை மருத்துவர்களில் பலர் பன்றியைத் தொடமாட்டார்கள்.

சென்னையில் அடுக்குமாடியில் வளர்க்கலாமா என்று கட்டுரைக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். அந்த வெக்கையில், மண்ணில்லாத மாடியில், வேண்டாம் ஐயா. உண்மையிலேயே சின்னப் பன்றிதான் பார்க்க வேண்டும் என்றால், அசாமில் மானஸ் புல்வெளியில் குள்ளப் பன்றி இருக்கிறது. வளர்ந்த பிறகும் பத்து கிலோ எட்டுவதே அபூர்வம். ஆனால் அது அழியும் ஆபத்தில் உள்ள காட்டு விலங்கு. யாரும் வீட்டில் வைக்க முடியாது.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். அந்தக் கோப்பைப் படத்தை மறுபடி போடுவதானால், குட்டியின் வயதையும் கீழே போடுங்கள். பக்கத்தில் வைக்க மஃபினின் மூன்று வயதுப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். கால் பக்கத்தில் அடங்காது, முழுப் பக்கமாக ஒதுக்குங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகி,
லெஸ்டர், இங்கிலாந்து